டிசம்பர் 31 ஸ்டாக் டேக் (இருப்பு எண்ணுதல்): ஆடிட்டர் வருமுன் துணிக்கடையில் என்ன செய்து வைக்க வேண்டும்?

லெபோ பசார் கணக்கர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் புடவை, வேட்டி, மீட்டர் துணி விற்கும் ஒரு சென். பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கிறேன். கடை தீவில் லெபோ பசாரில், கிடங்கு பாலத்துக்கு அப்பால் பிறையில். ஆண்டு விற்பனை சுமார் 6 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்), மொத்தச் சொத்து 3.5 மில்லியன், அதில் இருப்பு மட்டும் 1.8 மில்லியன். ஊழியர்கள் 14 பேர். போன வருடம்வரை முதலாளி தந்த இருப்புப் பட்டியலை வைத்தே கணக்கை முடித்தார்கள், எண்ணும்போது ஆடிட்டர் யாரும் நிற்கவில்லை. இப்போது புது ஆடிட்டர். நேரில் வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது.

எனக்குள்ள சந்தேகங்கள்: 31ஆம் தேதி கடையை மூட முடியாது, ஜனவரி 4ஆம் தேதி எண்ணினால் போதுமா? சூரத்திலிருந்து வரும் சரக்கு டிசம்பர் 28 கப்பல் ஏறுகிறது, ஜனவரி நடுவில்தான் கைக்கு வரும். அது எந்த வருடத்துக் கணக்கு? தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய புடவைகளுக்கு என்ன விலை போடுவது? போன வருடம் ஆடிட்டர் நிற்காததால் இந்த வருட ரிப்போர்ட்டில் குறை எழுதுவார்களா?

பேரேட்டுப் புள்ளி பதில்:

தம்பி, சரக்கை எண்ணுவது உங்கள் வேலை. நீங்கள் எப்படி எண்ணுகிறீர்கள் என்று பார்ப்பதும், ஆங்காங்கே சிலதைத் தானும் எண்ணிச் சரிபார்ப்பதும் ஆடிட்டர் வேலை. இருப்பு பெரிய தொகையாக இருந்தால் அவர் நேரில் நிற்க வேண்டும் என்று ஐஎஸ்ஏ 501 என்ற சர்வதேசத் தணிக்கைத் தரநிலை சொல்கிறது. அதனால் கடிதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பெரும்பாலும் ஸ்டாக் டேக் கெட்டுப்போவது சரக்கு நகர்ந்துகொண்டிருக்கும்போதே எண்ணுவதால்தான். உங்களுக்கு இரண்டு இடம், நடுவில் பாலம். கிடங்கை எண்ணி முடித்த பிறகு 31ஆம் தேதி மாலை லாரியில் ஏறிய பத்து கட்டு, கடையை எண்ணுமுன் வந்து சேர்ந்தால் அது இரண்டு பட்டியலிலும் ஏறும். எண்ணுவதற்கு முன்பே லாரி கிளம்பி, கடையை எண்ணி முடித்த பிறகு போய்ச் சேர்ந்தால் எதிலும் ஏறாது. ஆகவே கடைக்கு வேண்டியதை 29ஆம் தேதியே அனுப்பிவிடுங்கள். 30 மாலை முதல் இரண்டு இடத்துக்கும் நடுவே எதுவும் நகரக் கூடாது. கிடங்கை 31 பகலில் எண்ணி, கதவுக்கு சீல் வைத்துவிடலாம். கடையை 31 இரவு பூட்டிய பிறகு தொடங்கி, ஜனவரி 1 காலையில் முடித்து, மதியம் திறக்கலாம். பினாங்கில் அன்று பொது விடுமுறை, ஊழியர்களுக்கு விடுமுறை நாள் சம்பளத்தை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

4ஆம் தேதி எண்ணுவது தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு ஐட்டத்தையும் 31ஆம் தேதிக்குத் திருப்பி ஓட்ட வேண்டும். உதாரணம்: ஒரு காட்டன் புடவை 4 காலை 212 இருக்கிறது. 1 முதல் 3 வரை விற்றது 19, புதிதாக வந்தது 40, வாடிக்கையாளர் திருப்பித் தந்தது 1. 31 இரவு இருப்பு 212 + 19 − 40 − 1 = 190. இதை ஆயிரம் கோடுக்கு (சரக்குக் குறியீட்டு எண்ணுக்கு) செய்ய வேண்டும், பொங்கல் வியாபாரம் வேறு சூடு பிடித்திருக்கும். ஒரு பில் தவறான கோடில் போயிருந்தாலும் கணக்கு ஆடும்.

எண்ணும் தாளில் கோடு, விவரம், அலமாரி எண் மட்டும் இருக்கட்டும். சிஸ்டத்தில் உள்ள எண்ணிக்கையை அச்சடிக்காதீர்கள். அதைப் பார்த்தால் கை தானாக அதே எண்ணை எழுதும். தாள்களுக்கு வரிசை எண் கொடுங்கள், பயன்படுத்தாத தாளும் திரும்பி வந்து குறுக்கே அடிக்கப்பட வேண்டும். பேனாவில்தான் எழுத வேண்டும், திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து. ஒருவர் எண்ண, ஒருவர் எழுத. கிடங்குப் பொறுப்பாளர் உடன் நின்று காட்டட்டும், தன் பகுதியைத் தானே எண்ண வேண்டாம். எண்ணி முடித்த அலமாரிக்கு ஒரு நிற ஸ்டிக்கர், இரண்டாம் குழு சரிபார்த்ததும் வேறு நிறம்.

துணிக்கடைக்கே உரிய சிக்கல் மீட்டர் துணி. பிரிக்காத ரோலுக்கு மில் சீட்டில் உள்ள அளவை எடுத்துக்கொள்ளலாம், சிலதை மட்டும் விரித்து அளந்து பாருங்கள். பிரித்து வெட்டிய ரோலை அளக்காமல் விடவே கூடாது. வெட்டும்போதெல்லாம் மீதியைச் சீட்டில் எழுதும் பழக்கம் இருந்தால் இந்த வேலை பாதியாகும். பெட்டியில் வரும் செட் புடவைகளில் சில பெட்டிகளைத் திறந்து பாருங்கள்.

பிறகு, கடையில் இருப்பதெல்லாம் உங்களுடையது அல்ல. வாடிக்கையாளர் முழுப் பணம் கட்டி, பில் போட்டு, ஃபால்ஸ் தைக்க விட்டுப்போன புடவை அவருடையது. முன்பணம் மட்டும் கொடுத்து எடுத்து வைக்கச் சொன்னது இன்னும் உங்கள் இருப்பு, அந்த முன்பணம் உங்கள் கடன். விற்றால் மட்டும் பணம் தருகிறேன் என்று வேறு வியாபாரியிடம் வாங்கி வைத்த சரக்கு இருந்தால் அதைத் தனி இடத்தில் ஒதுக்கிச் சீட்டு ஒட்டுங்கள்.

எண்ணத் தொடங்குமுன் கடைசி பில் எண், கடைசி டிஓ (சரக்கு அனுப்பும் சீட்டு), கடைசி ஜிஆர்என் (சரக்கு பெற்ற சீட்டு), கடைசி இடமாற்றச் சீட்டு, கடைசி கிரெடிட் நோட் (திரும்பி வந்த சரக்குக்கான வரவுச் சீட்டு) எல்லாவற்றையும் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான். பிறகு மார்ச்சில் வந்து, அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள பில்கள் சரியான வருடத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்.

அவர் எண்ணிப் பார்ப்பது இரண்டு வழியில் நடக்கும். தாளில் உள்ளதை அலமாரியில் தேடுவது, எழுதிய சரக்கு உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க. அலமாரியில் கண்ணில் பட்டதைத் தாளில் தேடுவது, ஏதாவது எழுதாமல் விடுபட்டதா என்று பார்க்க. உங்கள் மேற்பார்வையாளரும் இதே இரண்டையும் முன்னதாகச் செய்துவிட்டால் ஆடிட்டர் வரும்போது ஆச்சரியம் எதுவும் இருக்காது.

துறைமுகக் கணக்கு பதில்:

சூரத் சரக்குக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பர்ச்சேஸ் ஆர்டரில் எஃப்ஓபியா (கப்பல் கூலியும் காப்புறுதியும் வாங்குபவர் பொறுப்பு) சிஐஎஃபா (அவை விற்பவர் பொறுப்பு) என்று பாருங்கள். சிஐஎஃப் என்றால் பினாங்கு வந்த பிறகுதான் நம் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அதில் விற்பவர் கப்பல் கூலியும் காப்புறுதியும் கட்டுகிறார், அவ்வளவுதான். சரக்குக்கான பொறுப்பு இரண்டிலுமே இந்தியத் துறைமுகத்தில் கப்பலில் ஏறும்போதே உங்களுக்கு மாறிவிடும். பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஏற்றிய சீட்டில்) ஏற்றிய தேதி டிசம்பர் 28 என்றால் அது இந்த வருட இருப்பு. வரும் வழியில் உள்ள சரக்கு என்று தனிக் கணக்கில் வைத்து, எதிர்ப்பக்கம் சப்ளையருக்குக் கடன் போட வேண்டும். இரண்டையும் விட்டால் லாபம் மாறாது, ஆனால் இருப்பும் கடனும் குறைவாகத் தெரியும்.

நாணய மாற்று விகிதத்தில் கவனம். முன்பணமாக 30 விழுக்காடு ஏற்கெனவே டிடி (வங்கிப் பணமாற்று) அனுப்பியிருந்தால் அந்தப் பகுதிக்கு அனுப்பிய நாளின் விகிதம். மீதி 70க்குச் சரக்கு கப்பலேறிய நாளின் விகிதம். டிசம்பர் 31இல் பாக்கிக் கடனை மட்டும் அன்றைய விகிதத்துக்கு மாற்றுங்கள். அதில் வரும் வித்தியாசம் லாப நட்டத்துக்குப் போகும், புடவையின் அடக்கவிலையில் கைவைக்கக் கூடாது.

அடக்கவிலையில் சேர்வது: சரக்கின் விலை, கப்பல் கூலி, காப்புறுதி, சுங்க வரி, திரும்பப் பெற முடியாத விற்பனை வரி, ஃபார்வர்டிங் ஏஜெண்ட் (துறைமுகத்தில் சரக்கை எடுத்துத் தருபவர்) கட்டணம், பிறை கிடங்குவரை லாரி வாடகை. கிடங்கு வாடகையும் பொறுப்பாளர் சம்பளமும் சேராது. பல கடைகளில் எல்லாச் செலவையும் கூட்டி, இன்வாய்ஸ் தொகையில் இத்தனை விழுக்காடு என்று ஒரே மாதிரி ஏற்றிவிடுகிறார்கள். 150,000 ரிங்கிட் சரக்குக்கு 27,000 செலவு என்றால் 18 விழுக்காடு, 50 ரிங்கிட் புடவை 59 ஆகும். வரிக்கு இது சரி, அது மதிப்பின் மேல்தான் விழுகிறது. கப்பல் கூலியோ கன அளவின் மேல் விழுகிறது. வேட்டிக் கட்டு அடைக்கும் இடத்தையும் பட்டுப் புடவை அடைக்கும் இடத்தையும் நினைத்துப் பாருங்கள். ஒரே விழுக்காட்டில் பிரித்தால் பட்டின் அடக்கம் ஏறி, வேட்டி மலிவாகத் தெரியும். அதை நம்பி வேட்டிக்கு விலை வைத்தால் கைநட்டம். கூலியைக் கன அளவில் தனியாகப் பிரியுங்கள்.

சரிபார்ப்பு அக்கா பதில்:

தீபாவளி மிச்சத்துக்கு எம்பிஇஆர்எஸ் (மலேசியத் தனியார் நிறுவனங்களுக்கான கணக்கியல் தரநிலை) சொல்வது: அடக்கவிலை, அல்லது விற்கக்கூடிய விலையில் விற்பனைச் செலவைக் கழித்தது, இரண்டில் எது குறைவோ அது. அடக்கம் 85 வெள்ளி, ஜனவரி மலிவு விற்பனையில் 60க்குப் போகிறது, விற்பவருக்கு கமிஷன் 3 என்றால் மதிப்பு 57. ஒரு புடவைக்கு 28 குறைக்க வேண்டும். 120 புடவைக்கு 3,360 வெள்ளி. ஐட்டம் ஐட்டமாகப் பாருங்கள், லாபத்தில் போகும் பட்டுப் புடவையை வைத்து நட்டத்தில் போகும் சிந்தெடிக்கை மறைக்கக் கூடாது.

ஆதாரம் எது என்றால் ஜனவரி, பிப்ரவரி பில்கள். ஆடிட்டர் அதைத்தான் கேட்பார். பழைய சரக்குக்குக் குத்துமதிப்பாக 10 விழுக்காடு ஒதுக்கிவிடலாம் என்று முதலாளி சொன்னால், அப்படிப் பொதுவாக ஒதுக்கிய தொகையை உள்நாட்டு வருமான வரி வாரியம் கழிவாக ஏற்காது என்று சொல்லுங்கள். கோடு வாரியாகக் காரணத்தோடு குறைத்ததற்குத்தான் நிற்க இடம் உண்டு.

அடுத்தது போன வருட இருப்பு. இது உண்மையான சிக்கல், தம்பி. இந்த வருடத் தொடக்க இருப்புதான் விற்ற சரக்கின் அடக்கத்தில் நுழைகிறது. அது 100,000 கூடுதலாக இருந்தால் இந்த வருட லாபம் 100,000 குறைவாக வரும். டிசம்பர் எண்ணிக்கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது தொடக்கத்தைச் சரிசெய்யாது. போதுமான ஆதாரம் கிடைக்காவிட்டால் ஆடிட்டர் லாப நட்டக் கணக்குக்கு மட்டும் நிபந்தனையுள்ள கருத்து (இந்த ஒன்றைத் தவிர மற்றவை சரி என்று) எழுதலாம். ஐந்தொகைக்கு (பேலன்ஸ் ஷீட்டுக்கு) அது பொருந்தாமல் போகலாம். கடன் தந்த வங்கி அந்தப் பத்தியைக் கட்டாயம் படிக்கும்.

அதைத் தவிர்க்க இப்போதே திரட்டுங்கள்: முதலாளி கொடுத்த பழைய பட்டியலின் மூலத்தாள்கள், அதில் பெரிய தொகையுள்ள ஐட்டங்களின் கொள்முதல் பில்கள், இந்த வருடம் அதே ஐட்டங்கள் விற்ற விவரம். ஜனவரி 1இல் 300 இருந்ததாகச் சொன்ன ஐட்டம், வருடத்தில் 80 வாங்கி, 350 விற்று, இன்று 30 இருந்தால் பழைய எண் நிற்கிறது. பெரிய ஐட்டங்களுக்கு இப்படிக் காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. மாதவாரியாக மொத்த லாப விழுக்காட்டையும் போட்டுக் கொடுங்கள். பழைய ஆடிட்டரின் வேலைத்தாள்களைப் பார்க்கப் புதியவர் அனுமதி கேட்பார், முதலாளி உடனே சம்மதக் கடிதம் கொடுத்துவிடட்டும்.

தாமான் கணக்கு பதில்:

இப்போது சிறிய நிறுவனங்களுக்கு ஆடிட் விலக்கு உண்டே, எதற்கு இவ்வளவு சிரமம்?

சரிபார்ப்பு அக்கா பதில்:

இவர்களுக்குக் கிடைக்காது. விற்பனை, சொத்து, ஊழியர் எண்ணிக்கை மூன்றில் இரண்டு வரம்புக்குள் இருக்க வேண்டும். 2025இல் தொடங்கும் நிதியாண்டுக்கு 1 மில்லியன், 1 மில்லியன், 10 பேர். 2026க்கு 2 மில்லியன், 2 மில்லியன், 20 பேர். 2027 முதல் 3 மில்லியன், 3 மில்லியன், 30 பேர். இவர்கள் ஊழியர் எண்ணிக்கையில் மட்டும்தான் எப்போதாவது உள்ளே வருவார்கள். விலக்கு கிடைத்தாலும் கணக்கு தயாரித்து எஸ்எஸ்எம்மிடம் (நிறுவனப் பதிவு ஆணையத்திடம்) தாக்கல் செய்துதான் ஆக வேண்டும், இருப்பை எண்ணாமல் அது எப்படி முடியும்?

லெபோ பசார் கணக்கர்:

மிக்க நன்றி அக்கா, அண்ணன்மார்களே. இரண்டு விஷயம் விட்டுப்போனது. சிஸ்டத்தில் சுமார் 60 கோடு மைனஸில் நிற்கிறது. எண்ணுவதற்கு முன் அதைச் சரிசெய்துவிடலாமா? இன்னொன்று, ஜாக்கெட் தைக்க நான்கு தையல்காரர்களிடம் நம் துணி இருக்கிறது.

பேரேட்டுப் புள்ளி பதில்:

காரணம் தெரியாமல் மைனஸைத் தொடாதீர்கள். சரக்கு வந்து விற்ற பிறகும் ஜிஆர்என் போடாதது ஒரு காரணம். அதைக் கண்டுபிடித்தால் இப்போதே ஜிஆர்என் போடலாம். மற்றொன்று, கூட்ட நேரத்தில் கோடு தேடாமல் பக்கத்துக் கோடில் பில் போட்டது. அப்போது ஒரு கோடில் 15 குறையும், அதே விலையுள்ள இன்னொன்றில் 15 கூடும். எண்ணி முடித்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் அது தெரியும். முன்னாலேயே பூஜ்யம் ஆக்கிவிட்டால் தடயம் போய்விடும். 31 இரவு இருப்பு ரிப்போர்ட்டை மைனஸோடு அப்படியே எடுத்துச் சேமியுங்கள். வித்தியாசப் பட்டியலுக்குக் காரணம் எழுதி, முதலாளி கையெழுத்திட்ட பிறகுதான் சிஸ்டத்தில் திருத்தம். முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போன புடவைக்குப் பில் இல்லாமலிருப்பதும் பல இடங்களில் காரணமாக இருக்கும். அதை டைரக்டர் கணக்கில் எழுதுங்கள், இருப்புக் குறைவு என்று நட்டத்தில் தள்ளாதீர்கள்.

தையல்காரர்களிடம் உள்ள துணி உங்கள் இருப்புதான். 31ஆம் தேதிக்கு எத்தனை மீட்டர், எத்தனை பீஸ் என்று ஆளுக்கொரு கடிதம் தயார் செய்யுங்கள். பதில் நேராக ஆடிட்டர் முகவரிக்குப் போக வேண்டும், உங்கள் வழியாக வந்தால் அவர் அதை முழு ஆதாரமாக எடுக்க மாட்டார். கடிதத்தில் எண்ணிக்கையை நீங்கள் நிரப்பாமல் வெறுமையாக விடுங்கள், அவர்களே எழுதட்டும். டிசம்பர் முதல் வாரத்தில் ஆடிட்டரிடம் கேட்டு வடிவத்தை வாங்கிவிட்டால் 31ஆம் தேதி மாலை ஒரு பையனை அனுப்பி, நான்கு பேரிடமும் உள்ள துணியை நீங்களும் ஒரு முறை எண்ணிக்கொள்ளலாம்.