ஆச்சி வீட்டுக் கணக்கும் ஏழாம் நம்பரும்

குழு: முத்தையன்கட்டு ஆச்சி குடும்பம்

வியாழன், மாலை 4:12

தீபன் அண்ணா (கிளிநொச்சி): சின்னம்மா, ஆச்சியின் 31 ஆம் நாள் அந்திரட்டிச் சாப்பாட்டுக்குச் சமையல்காரர் முற்பணம் கேட்கிறார். 60,000. நாளைக் காலைக்குள் வராவிட்டால் ஞாயிறு வேறு வீட்டுக்குப் போய்விடுவாராம்

அம்மா: எல்லோரும் போட்ட காசு இருக்கிறது. கணக்குக்குள் போக முடியவில்லை. லொக் என்று வருகிறது

தீபன் அண்ணா: எப்போதிருந்து

அம்மா: மத்தியானத்திலிருந்து. நான் இன்றைக்குத் தொடவே இல்லை

கீர்த்தனா: யார் உள்ளே போகப் பார்த்தது? உண்மையைச் சொல்லுங்கள்

லலிதா சின்னம்மா (பிரான்ஸ்): நான் இல்லை

லலிதா சின்னம்மா: ஒருதரம்தான். நான் போட்டது வந்ததா என்று பார்க்க

குகன் மாமா (ரொறன்ரோ): நானும் பார்த்தேன். 5 போட்டேன், பிழை என்றது. பிறகு 6

கீர்த்தனா: இப்போது 7 மாமா 🤦

பெரிய மாமா: அது என்ன 5, 6, 7

கீர்த்தனா: ஆச்சியின் பெயர், பின்னால் ஒரு நம்பர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று என்று கேட்கும். அம்மா ஒன்றைக் கூட்டிவிடுவார். குசினிக் கலண்டரில் எழுதியிருக்கிறது

தீபன் அண்ணா: கலண்டர் எனக்கும் தெரியும் 😄

பெரிய மாமா: எனக்கு மட்டும்தான் தெரியாது. இந்தக் குடும்பத்தில் எப்போதும் இப்படித்தான்

ரூபன் மச்சான் (லண்டன்): செல்வி மாமியில் பிழை இல்லை. இது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் நிஸ்ட் என்று ஓர் அரச தரநிலை நிறுவனம். அங்கே வேலை செய்த பில் பர் என்பவர் 2003 இல் ஒரு வழிகாட்டி எழுதினார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து வையுங்கள், அடிக்கடி மாற்றுங்கள் என்று. உலகம் முழுக்க வங்கியும் கந்தோரும் அதைப் பிடித்துக்கொண்டன. ஆட்கள் என்ன செய்தார்கள்? மாமி செய்ததைத்தான். கடைசியில் நம்பரைக் கூட்டினார்கள், எங்காவது எழுதி ஒட்டினார்கள். 2017 இல் அதே நிறுவனம், களவு போனதாகத் தெரிந்தால் ஒழிய மாற்றச் சொல்லாதீர்கள், நீளமாக இருந்தால் அதுவே நல்லது என்று திருத்தி எழுதியது. அந்த மனிசனே தான் எழுதியதற்கு வருத்தப்பட்டார்

தீபன் அண்ணா: மச்சான் சுருக்கமாக

ரூபன் மச்சான்: இது சுருக்கம்தான்

கீர்த்தனா: அம்மா, "மறந்துவிட்டேன்" என்பதை அமத்துங்கள். ஓடிபி வரும், ஒருமுறை மட்டும் செல்லும் ஆறு இலக்கம்

அம்மா: எங்கே வரும். வாட்ஸ்அப் கூரையில் கட்டிய ரவுட்டரில் ஓடுகிறது, அது வேறு கம்பனி. என் சிம்முக்கு வீட்டில் ஒரு கோடும் இல்லை. குளக்கட்டில் ஏறினால்தான் மெசேஜ் வரும்

லலிதா சின்னம்மா: அப்படியென்றால் ஏறுங்கள் அக்கா

அம்மா: இங்கே அமத்திவிட்டுக் கட்டுக்கு நடந்து போவதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். குளக்கட்டில் நின்று அமத்தலாம் என்றால், ஆறு மணிக்குப் பிறகு யானை. முந்தநாளும் வாழைக்குள் நின்றது

பெரிய மாமா: யானை வேலிக்குச் சொல்லி எத்தனை வருடம்

தீபன் அண்ணா: மாமா, வேலி வேறு கதை

மாலை 5:03

அம்மா: பக்கத்து வீட்டுப் பெடியனின் சைக்கிளில் கட்டுக்கு வந்துவிட்டேன். கண்ணாடியை விட்டுவிட்டு வந்துவிட்டேன்

குகன் மாமா: அக்கா, வந்ததை எனக்கு அனுப்புங்கள். நான் இங்கே போடுகிறேன்

கீர்த்தனா: வேண்டாம் அம்மா

அம்மா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

அம்மா: ஐயோ குழுவுக்குள் போய்விட்டது. ஒருவரும் பார்க்க வேண்டாம்

தீபன் அண்ணா: பார்த்துவிட்டேன் சின்னம்மா

பெரிய மாமா: 4 இல் தொடங்குகிறது

குகன் மாமா: போட்டேன். நேரம் முடிந்துவிட்டது என்கிறது

கீர்த்தனா: நல்லதாகப் போயிற்று

ரூபன் மச்சான்: சித்தப்பா, இது விளையாட்டில்லை. அந்த ஆறு இலக்கம் கிடைத்தால் யாரும் புது பாஸ்வேர்ட் வைக்கலாம். பழையது எவ்வளவு கடினமாக இருந்தும் பயனில்லை

அம்மா: முந்தநாள் சந்தியில் நிற்கும்போது ஒருவர் கோல் எடுத்து வங்கி என்றார். ஏதோ நம்பர் கேட்டார். முழுக்கச் சிங்களம். விளங்காதபடியால் வைத்துவிட்டேன்

ரூபன் மச்சான்: மாமி, இவ்வளவு உறுதியான பாதுகாப்பு எங்கள் கந்தோரிலும் இல்லை 😂

கீர்த்தனா: அடுத்தமுறை தமிழில் கேட்பான் மச்சான். அம்மா, எந்த வங்கியும் ஓடிபி கேட்காது. எந்த மொழியிலும்

லலிதா சின்னம்மா: அக்கா, ஆச்சியின் படத்துக்கு எந்த மாலை? மல்லிகையா செவ்வந்தியா

அம்மா: மல்லிகை

பெரிய மாமா: படம் யாரிடம்

தீபன் அண்ணா: ஸ்டூடியோவில். அதற்கும் காசு கொடுக்க வேண்டும்

ரூபன் மச்சான்: கட்டுக்கு ஏறாமல் இதைச் செய்ய வழி இருக்கிறது. போனுக்குள்ளேயே 30 செக்கனுக்கு ஒருமுறை ஆறு இலக்கம் உருவாக்கும் செயலிகள் இருக்கின்றன. தொடக்கத்தில் ஒரேயொருமுறை போனும் அந்தப் பக்கத்துக் கணினியும் ஓர் இரகசிய எண்ணைப் பகிர்ந்துகொள்ளும். பிறகு இரண்டும் மணிக்கூட்டைப் பார்த்து ஒரே கணக்கைச் செய்யும், ஒரே விடை வரும். சிக்னலே தேவையில்லை. 2011 இலேயே பொதுத் தரமாக வந்துவிட்டது. எஸ்எம்எஸ்ஸைவிட இது நல்லது. ஒரு கள்ளன் உங்கள் நம்பருக்கே இன்னொரு சிம் எடுத்துவிட்டால் எஸ்எம்எஸ் அவனுக்குப் போகும்

கீர்த்தனா: பார்த்தேன். அம்மாவின் வங்கியில் எஸ்எம்எஸ் மட்டும்தான்

ரூபன் மச்சான்: கைரேகை?

அம்மா: பதினைந்து வருடம் கச்சான் பிடுங்கிய கை. போன் என்னை யார் என்று கேட்கிறது

பெரிய மாமா: எங்கள் காலத்தில் இதெல்லாம் எங்கே. குகன் உண்டியலில், வங்கி இல்லாமல் ஆள் மூலம், காசு போடுவான். பத்து ரூபாய்த் தாளின் இலக்கத்தைச் சொல்லியிருப்போம். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினால் காசு. பாஸ்வேர்டும் இல்லை, போன் கோபுரமும் இல்லை

ரூபன் மச்சான்: அப்பா, அதுவும் இதே முறைதான்! உங்களை அந்த ஆளுக்கு முகம் தெரியும், அது ஒன்று. கையில் தாள், அது இரண்டு. தாளைக் களவெடுத்தவன் போனாலும் முகம் வேறு

குகன் மாமா: தாளைத் துலைத்தால்?

பெரிய மாமா: ?

குகன் மாமா: ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை நேரம் நான் அனுப்பியது. தாளைத் துலைத்துவிட்டோம் என்றீர்கள். புது இலக்கம் சொல்லி அனுப்ப மூன்று கிழமை போனது. பிறகு வந்ததில் பாதிதான் எங்கள் அம்மா கையில் கொடுத்ததாகக் கேள்வி

பெரிய மாமா: யார் சொன்னது

பெரிய மாமா: ஷெல்லுக்குள் பிள்ளைகளைத் தூக்கவா தாளைத் தூக்கவா

லலிதா சின்னம்மா: அண்ணா விடுங்கள். அந்திரட்டிக் கிழமை

அம்மா: 🎤 குரல் பதிவு 1:06

கீர்த்தனா: அம்மா சொல்வது: ஆளுக்கு ஆள் உள்ளே போய்ப் பார்ப்பது, தான் காசை எடுத்துவிடுவேன் என்ற சந்தேகத்தில்தானே. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குக் கறிவேப்பிலை வரைக்கும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். வேண்டுமென்றால் கணக்கை வேறு ஆளிடம் கொடுக்கட்டாம்

குகன் மாமா: ஐயோ அக்கா, அப்படி இல்லை

லலிதா சின்னம்மா: நான் வந்ததா என்றுதான் பார்த்தேன்

தீபன் அண்ணா: 60,000

இரவு 7:40

ரூபன் மச்சான்: ஒரு யோசனை. மாமியின் பெயரிலேயே இரண்டு கணக்கு. பெரிய காசு ஒன்றில், செயலியோடு இணைக்காமல் புத்தகத்தோடு மட்டும். செலவுக்காசு மற்றதில், நாளுக்கு இவ்வளவு என்று எல்லை போட்டு. அதைத் திறப்பது சுகமாக இருக்கட்டும். பூட்டு முழுவதையும் ஒரே கதவில் போடுவதால்தான் திறப்பு கலண்டரில் தொங்குகிறது

லலிதா சின்னம்மா: இங்கேயும் அப்படித்தான். 2019 க்குப் பிறகு இணையத்தில் எதை வாங்கினாலும் போனில் சரி சொல்ல வேண்டும். 30 யூரோவுக்குக் குறைவென்றால் சிலவேளை கேட்காது

ரூபன் மச்சான்: ஓம் மாமி, அது ஐரோப்பியச் சட்டம். உங்களுக்குத் தெரிந்தது, கையில் இருப்பது, உங்கள் உடம்பில் இருப்பது, இந்த மூன்றில் இரண்டு வேண்டும். சின்னத் தொகைக்கு விலக்குண்டு. இன்னொரு கதை. 1967 இல் லண்டன் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி காசு எடுக்கும் இயந்திரம் வைத்தது. அதை உருவாக்கிய ஷெப்பர்ட்-பரன் ஆறு இலக்கம்தான் யோசித்தாராம். குசினி மேசையில் மனைவியைக் கேட்டால், நான்குதான் என் நினைவில் நிற்கும் என்றாராம். நான்காக்கிவிட்டார்

தீபன் அண்ணா: எல்லாம் குசினியில்தான் முடிவாகிறது

அம்மா: அந்த மனிசன் கேட்டாராவது

கீர்த்தனா: அப்படியென்றால் இனி அம்மாவைத் தவிர ஒருவரும் உள்ளே போவதில்லை. கிழமைக்கு ஒருமுறை அம்மா கொப்பியைப் படம் எடுத்துப் போடுவார். சரியா

லலிதா சின்னம்மா: சரி

குகன் மாமா: கொப்பியோடு வங்கி மீதியையும் போட்டால் நல்லது

பெரிய மாமா: நான் யோசித்துச் சொல்கிறேன்

தீபன் அண்ணா: முற்பணத்தை நான் என் கையால் கொடுக்கிறேன். சின்னம்மா பிறகு தரட்டும்

குகன் மாமா: உனக்கு நான் போடுகிறேன் தம்பி. கணக்கு நம்பர் அனுப்பு

கீர்த்தனா: குழுவுக்குள் இல்லை!!

வெள்ளி, காலை 10:21

அம்மா: முதல் பஸ்ஸில் புதுக்குடியிருப்புக்கு வந்தேன். அடையாள அட்டை சரியாம். கையெழுத்துப் பொருந்தவில்லையாம். புத்தகம் திறந்த நாளில் போட்டது போல் போடட்டாம்

பெரிய மாமா: அது எப்படி இருந்தது

அம்மா: யாருக்குத் தெரியும். நான்காவது தாளில் சரிவந்தது

கீர்த்தனா: லொக் எடுத்துவிட்டார்களா

அம்மா: ஓம். புதுப் பாஸ்வேர்ட் கேட்கிறது

குகன் மாமா: 8 ஆ?

அம்மா: உனக்கு ஏன்

தீபன் அண்ணா: சின்னம்மா, சமையல்காரர் காசை வாங்கிவிட்டார். 150 பேரா 200 பேரா என்று இப்போதே சொல்லட்டாம். பூசணிக்காய் அங்கே எடுப்பதா, நான் பரந்தனில் வாங்குவதா?

பெரிய மாமா: 150

லலிதா சின்னம்மா: 200 சொல்லுங்கள் அண்ணா