ஸ்டால்: 'நின்றுபோதல்' வேண்டாம், 'தூக்குச்சரிவு' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். விமானம் பறக்கும்போது இறக்கையின் தூக்குவிசை திடீரென்று குறைவதை ஆங்கிலத்தில் ஸ்டால் (stall) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> ஸ்டாலுக்கு 'நின்றுபோதல்' போதுமே. கார் ஸ்டால் ஆவதும் அதுதானே?

ஐயா, இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காரில் நிற்பது எஞ்சின். விமானத்தில் ஸ்டால் ஆவது இறக்கை. எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவனியாபுரத்தில் நான் பாடம் எடுக்கும் பிள்ளைகள் 'நின்றுபோதல்' என்றதுமே, "எஞ்சின் ஆஃப் ஆயிருமா சார்?" என்றுதான் கேட்டார்கள். 2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் எஞ்சின்கள் கடைசிவரை ஓடின. மூக்கு தூக்கியே இருந்ததால் இறக்கை ஸ்டாலிலிருந்து மீளவில்லை. 228 பேர் போனார்கள்.

ஸ்டால் எப்படி வருகிறது என்று பார்ப்போம். எதிர்க்காற்றுக்கு இறக்கை காட்டும் சாய்வுதான் தாக்குகோணம். அது கூடக்கூட, விமானத்தை மேலே தாங்கும் தூக்குவிசையும் கூடும். சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் (இறக்கைக்கு இறக்கை மாறும்) மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு சுழல ஆரம்பிக்கும். தூக்குவிசை சடாரென்று இறங்கும், காற்று பின்னுக்கு இழுக்கும் இழுவை ஏறும். எந்த வேகத்திலும் இது நடக்கலாம். மெதுவாகப் போகும்போது எடையைத் தாங்க மூக்கைத் தூக்க வேண்டியிருப்பதால் அந்த எல்லை கிட்டே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். மதுரை விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடிப் பக்கம் நின்று, இறங்க வரும் ஏடிஆர் விமானத்தைப் பாருங்கள்: இறக்கையின் பின்விளிம்பில் தகடுகள் கீழே மடங்கியிருக்கும். குறைந்த வேகத்திலும் ஸ்டால் ஆகாமல் தாங்கத்தான் அவை.

இன்னொரு நண்பர் சொன்ன 'தூக்கிழப்பு' பொருளில் பக்கத்தில் வருகிறது. ஆனால் வேகமாகச் சொன்னால் தூக்கம் கெட்டது போலக் காதில் விழுகிறது. அதோடு, தூக்குவிசை முழுக்கப் போய்விடுவதில்லை, குறைகிறது. விலைச்சரிவு என்றால் விலையே இல்லை என்றா அர்த்தம்? அதனால்தான் 'தூக்குச்சரிவு' என்கிறேன்.

'தூக்கு' என்றாலே தூக்குத்தண்டனை நினைவுக்கு வருமே என்று சிலர் தயங்கலாம். தூக்குச்சட்டியும் பாம்பன் தூக்குப்பாலமும் நம் வாயில் சங்கடமில்லாமல் புழங்குகின்றனவே.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'விமானம் தூக்குச்சரிவுக்குள் போனால் முதலில் மூக்கைத் தாழ்த்தி, தாக்குகோணத்தைக் குறைக்க வேண்டும்.' 'தூக்குச்சரிவு எச்சரிக்கை ஒலித்தது.' இரண்டும் இடறவில்லை. எஞ்சின் ஸ்டாலுக்கு வேண்டுமானால் 'நின்றுபோதல்' தனியாக இருக்கட்டும்.

சரி, மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லையும் ஒரு வாக்கியத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். மேலே சொன்ன பின்விளிம்புத் தகடான ஃபிளாப்புக்கு 'மடிதகடு' சரிப்படுமா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து