கடலோர அரசுப் பள்ளி பின்தங்குவது யாரால்?

மண்டபம்வாசி:
எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி இந்த வருஷமும் பிளஸ் டூ தேர்ச்சியில் பக்கத்துத் தனியார் பள்ளிக்குப் பின்னால்தான். வாத்தியார்கள் சரியில்லை என்கிறது ஒரு கூட்டம். வருகிற பிள்ளைகள் அப்படி என்கிறது இன்னொரு கூட்டம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

முண்டுமிளகாய்:
‘மீனவர் வீட்டுப் பிள்ளை, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை’ என்பது கேட்டுப் புளித்த சமாதானம். 2017 பிளஸ் டூ தேர்வில் விருதுநகருக்கு அடுத்து மாநிலத்திலேயே இரண்டாமிடம் நம் ராமநாதபுரம். அப்போது மட்டும் இங்கே கடல் வற்றிப் போயிருந்ததா?

வடகடல்:
அண்ணே, அதே ராமநாதபுரத்தைத்தான் 2018-ல் நிதி ஆயோக் நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாக எடுத்தது. அந்த விருதுநகரும் பட்டியலில் உண்டு. தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை மட்டும்தான் எண்ணும். ஒன்பதாவதோடு வள்ளத்தில் ஏறிவிட்ட பையன் அந்தக் கணக்கிலேயே வரமாட்டான். எங்கள் பக்கம் பிளஸ் டூ வகுப்பில் எட்டிப் பாருங்கள், பெண் பிள்ளைகள்தான் நிறைந்திருக்கிறார்கள். அப்புறம், தனியார் பள்ளி பத்தாவது மதிப்பெண்ணைப் பார்த்துப் பொறுக்கித்தான் பதினொன்றில் சேர்க்கிறது. மிச்சப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வருகிறார்கள். இதில் எதை எதோடு ஒப்பிடுவது?

முண்டுமிளகாய்:
பொறுக்குகிறார்கள், சரி. வள்ளத்தில் ஏறிய பையனைத் தேடிப் பள்ளியிலிருந்து யாராவது போனார்களா?

சாயல்குடி டீச்சர்:
போயிருக்கிறோம் சார். இதற்கு முன் ராமேசுவரம் தீவுப் பக்கம் வேலை பார்த்தேன். விசைப்படகுகள் கரை திரும்புகிற காலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும், மீன் பிரிக்கப் போன பையன்கள் யார் யார் என்று. வீட்டுக்குப் போனால் அம்மா பாசி எடுக்கக் கடலில் இருப்பார். அப்பா இலங்கைச் சிறையில் இருந்த வீடுகளும் உண்டு. அங்கே நின்று திருப்புதல் தேர்வைப் பற்றி என்ன பேசுவது? இப்போது இருக்கும் ஊரில் பனை சீசன். குடும்பத்தோடு பனங்காட்டுக்குப் போய்விடுகிறார்கள், அதுவும் சரியாகப் பொதுத்தேர்வு நேரத்தில்.

பாதிக் குறை எங்கள் பக்கமும் இருக்கிறது, மறைக்கவில்லை. இங்கே பணி கிடைத்து வருகிற முதுநிலை ஆசிரியர்களில் பலர் மாறுதல் கலந்தாய்வு வந்ததும் சொந்த மாவட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இயற்பியலுக்கு ஆளில்லாமல் ஒரு பருவம் ஓடியிருக்கிறது.

முண்டுமிளகாய்:
நான் சொல்வதும் இதைத்தான் டீச்சர். இயற்பியலுக்கு ஆள் போடாததற்கும் பையனின் அப்பா தொழிலுக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்லாமல் ‘பிள்ளைகள் பின்னணி’ என்று முடித்துவிடுவதுதான் எரிச்சல்.

வடகடல்:
பின்னணியும் உண்மைதானே! தேர்வு முடிவு வருவது மே மாதம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய நேரத்தில் விசைப்படகுக் கூலி வீட்டில் வருமானமே இருக்காது. தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கும் அதுதான் நிலைமை. மண்டபம்வாசி, பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒன்று கேளுங்கள்: ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூ எழுதினார்கள்? பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் இருக்கிறது, எடுக்க முடியும்.

முண்டுமிளகாய்:
கூடவே பாடவாரியாகச் சராசரியும் கேளுங்கள். 35 வாங்கினாலும் தேர்ச்சி, 95 வாங்கினாலும் தேர்ச்சி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, உங்கள் பள்ளியிலிருந்து யாராவது போனார்களா?

மண்டபம்வாசி:
வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். மூன்றையும் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.