ஃபாஞ்சியோவுக்கு ஐந்து பட்டங்களா, நான்கா?

செங்குதிரை: "ஃபாஞ்சியோவுக்குப் பின் வந்த எவரையும் அவருக்குச் சமமாக நிறுத்தவே கூடாது" என்று வளைவுக்காரன் நேற்று எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் அவருக்கு 51 பந்தயங்களில் 24 வெற்றிகள், ஐந்து உலகப் பட்டங்கள் என்று அடுக்குகிறவர், 1956ஆம் ஆண்டுப் பட்டம் வந்த வழியை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார். அந்த ஆண்டின் கடைசிப் பந்தயமான இத்தாலியின் மோன்சாவில் ஸ்டியரிங் பழுதாகி ஃபாஞ்சியோ நின்றுவிட்டார். தாமே பட்டம் வெல்லும் வாய்ப்போடு ஓடிக்கொண்டிருந்த, அதே ஃபெராரி அணியின் 24 வயது பிரிட்டிஷ் ஓட்டுநர் பீட்டர் காலின்ஸ், டயரைப் பார்க்க உள்ளே வந்தவர், இறங்கித் தம் காரை அவரிடம் கொடுத்தார். இரவல் காரில் வந்த பட்டத்தை நான் எண்ணுவதில்லை. அவருக்கு நான்குதான்.

வளைவுக்காரன்: காரை மாற்றிக்கொள்வதை அன்றைய விதி அனுமதித்தது, 1958இலிருந்துதான் அப்படிப் பகிர்ந்து ஓட்டினால் புள்ளி இல்லை என்று ஆனது. ஆல்ஃபா ரோமியோ, மெர்சிடிஸ், ஃபெராரி, மாஸெராட்டி என நான்கு நிறுவனங்களின் கார்களில் பட்டம் வென்றவரைப் பார்த்து இரவல் என்கிறீர்கள். 1957இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், 46 வயதில், டயர் மாற்றப்போய் நேரத்தை இழந்து, முன்னால் போன இரண்டு ஃபெராரிகளைத் துரத்தி, சுற்றுக்குச் சுற்று சாதனையை உடைத்து 9 நிமிடம் 17.4 வினாடிக்குக் கொண்டுவந்து, கடைசிக்கு முந்தைய சுற்றில் இரண்டையும் முந்தினாரே, அந்தக் காரையும் யாராவது இரவல் கொடுத்தார்களா? முந்தப்பட்ட இருவரில் ஒருவர் உங்கள் காலின்ஸ் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

செங்குதிரை: நூர்பர்க்ரிங்கைப் பற்றி யார் கேட்டது? நான் கேட்டது மோன்சா.

எண்கணக்கன்: மோன்சாவுக்கு வரும்போதே ஃபாஞ்சியோவிடம் 30 புள்ளிகள் இருந்தன, காலின்ஸிடம் 22. வெற்றிக்கு எட்டு, அதிவேகச் சுற்றுக்கு ஒன்று. காலின்ஸ் முந்த வேண்டுமானால் இரண்டும் வேண்டும். அன்று இரண்டையும் எதிரணியின் ஸ்டர்லிங் மோஸ் எடுத்துக்கொண்டார். காலின்ஸின் காரில் இரண்டாவதாக வந்து ஃபாஞ்சியோ பெற்ற 3 புள்ளிகளோ, சிறந்த ஐந்து முடிவுகளை மட்டுமே எண்ணும் விதிப்படி கணக்கில் ஏறவேயில்லை.

செங்குதிரை: பந்தயம் முடிந்த பிறகு கணக்குப் போட யாராலும் முடியும். காரைவிட்டு இறங்கிய நொடியில் மோஸ் வெல்வார் என்று காலின்ஸுக்கு ஜோசியம் தெரியுமா? கணக்கில்தான் உங்களுக்கு இவ்வளவு ஆர்வம் என்றால் அந்த 30ஐயும் பிரித்துக் காட்டுங்கள். அர்ஜென்டினாவில் அணித் தோழர் முஸ்ஸோவின் கார், மொனாக்கோவில் மறுபடியும் காலின்ஸின் கார். இரண்டிலுமாக 9 புள்ளிகள். பிறர் எழுந்து இடம் கொடுத்தே ஒரு பருவத்தை ஓட்டிய மாவீரர்!

மழைநாள்: இந்த இரவல் தகராறெல்லாம் எதற்கு? 161 பந்தயங்களில் 65 முறை முதலிடத்திலிருந்து புறப்பட்டவர் அயர்டன் சென்னா. 1993இல் இங்கிலாந்தின் டோனிங்டன் மழையில், ஐந்தாவதாகத் தள்ளப்பட்டவர் முதல் சுற்று முடிவதற்குள் முன்னணிக்கு வந்ததைப் பார்த்தவர்கள் வேறு பெயரை உச்சரிக்க மாட்டார்கள்.

எண்கணக்கன்: 1988இல் மொத்தப் புள்ளிகளில் சென்னாவின் அணித் தோழர் ப்ராஸ்ட் 105, சென்னா 94. சிறந்த 11 முடிவுகளை மட்டும் எண்ணியதால் பட்டம் சென்னாவுக்குப் போனது. செங்குதிரையின் தராசில் வைத்தால் சென்னாவுக்கும் ஒன்று குறையும்.

மழைநாள்: அந்த ஆண்டு சென்னா எட்டுப் பந்தயங்களை வென்றார், ப்ராஸ்ட் ஏழு. போன மாதம் ஷூமாக்கர் விவாதத்திலும் நீங்கள் இதே வேலையைத்தான் செய்தீர்கள். எண்களைப் பாதி எடுத்துப் பாதி ஒளிப்பது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

எண்கணக்கன்: 1997இல் ஹெரெஸ் பந்தயத்தில் வில்நெவ்வின் காரில் மோதியதற்காக ஷூமாக்கரை அந்த ஆண்டின் புள்ளிப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள் என்று எழுதினேன். அதில் எந்தப் பாதியை ஒளித்தேன் என்று சொல்லுங்கள்.

வளைவுக்காரன்: ஷூமாக்கரை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செங்குதிரைக்கு ஒரு கேள்வி: யாரும் பிடுங்கவில்லை, காலின்ஸ் மனமுவந்து கொடுத்தார். கூட ஓடியவனே தன் வாய்ப்பைத் தூக்கிக் கொடுக்கும் அளவுக்கு மதிப்புப் பெற்ற ஓட்டுநர் வேறு எவர்?

செங்குதிரை: அது காலின்ஸின் பெருந்தன்மைக்குச் சான்று, ஃபாஞ்சியோவின் வேகத்துக்கு அல்ல. அதே பந்தயத்தில், அதே அணியில், முஸ்ஸோவிடமும் காரைக் கேட்டார்கள். அவர் இறங்க மறுத்துவிட்டார். காலின்ஸும் அப்படி உட்கார்ந்திருந்தால் பிரிட்டனின் முதல் உலகச் சாம்பியன், 1958இல் பட்டம் வென்ற ஹாதார்னாக இருந்திருக்க மாட்டார்.

எண்கணக்கன்: வெற்றியோடு அதிவேகச் சுற்றும் வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

செங்குதிரை: நானும் மேலே பதில் எழுதியிருக்கிறேன். நான்கு.

வளைவுக்காரன்: ஐந்து. முஸ்ஸோவைப் பற்றிப் பேசுகிறவர், பந்தயம் முடியும் தறுவாயில் முன்னணியில் ஓடிய அவருடைய ஸ்டியரிங்கும் முறிந்ததைச் சொல்லவில்லையே, ஏன்?