எத்தனால் டேங்க் ரேடார்: ஃப்ளேம்புரூஃப் டி6 வாங்கலாமா, ஐஎஸ் டி4 வாங்கலாமா?

கேள்வி:
எத்தனால் ஸ்டோரேஜ் டேங்குக்கு கைடட் வேவ் ரேடார் (புரோப் வழியா அலை அனுப்பி திரவ மட்டம் அளக்கும் கருவி) போடணும். புரோப் தொங்கும் உள்பக்கம் ஜோன் 0 (எரியும் ஆவி எப்போதும் அல்லது நெடுநேரம் இருக்கும் இடம்), ஹெட் (மின்னணுப் பகுதி) இருக்கும் வெளிப்பக்கம் ஜோன் 1 (ஆவி அவ்வப்போது வரக்கூடிய இடம்). கொட்டேஷன் ரெண்டு வந்திருக்கு: ஃப்ளேம்புரூஃப் (உள்ளே வெடிச்சாலும் தீயை வெளியே விடாத உறை) ஐஐசி டி6, ஐஎஸ் (இன்ட்ரின்சிக் சேஃப்டி: பற்றவைக்க முடியாத அளவுக்கு மின்சக்தியைக் குறைப்பது; 'ஐஏ' அதன் ஜோன் 0க்கான நிலை) ஐஐசி டி4. கேபிள் 300 மீட்டர். கோடையில் டேங்க் மேலே 45 டிகிரி தாண்டும். டி6தானே உசத்தி, அதையே எடுத்துடலாமா?

பதில் 1:
டி நம்பர் தரவரிசை இல்லை சார். கருவியின் மேற்பரப்பு அதிகபட்சம் எவ்வளவு சூடாகும் என்பதுதான் அது. டி4 என்றால் 135 டிகிரி, டி6 என்றால் 85. எத்தனால் தானாகப் பற்றிக்கொள்ள 350 டிகிரிக்கு மேல் வேணும், டி2வே போதும். கேஸ் குரூப்பும் (வாயு எவ்வளவு எளிதில் பற்றும், வெடிக்கும் என்ற வகை) எத்தனாலுக்கு ஐஐபிதான், ஐஐசி அதைவிடக் கடுமையானது என்பதால் தாராளமாகப் போடலாம். டி6ல் ஒரு வம்பு இருக்கு. பல கருவிகளில் சுற்றுப்புறம் 40 டிகிரி வரைக்கும்தான் டி6. உங்க 45ல் அது செல்லாது. நேம்பிளேட்டோடு நிறுத்தாம, சர்டிஃபிகேட்டில் இருக்கும் வெப்பநிலை டேபிளைக் கேட்டு வாங்குங்க. சர்டிஃபிகேட் எண்ணின் கடைசியில் 'எக்ஸ்' இருந்தால் தனி நிபந்தனை உண்டு, அதையும் படிங்க.

பதில் 2:
அதுக்கு முன்னாடி ஜோன் 0. வெறும் ஃப்ளேம்புரூஃப் 'ஜிபி'தான் (ஜோன் 1க்கான பாதுகாப்பு நிலை), டேங்குக்குள்ளே 'ஜிஏ' (ஜோன் 0க்கானது) வேணும். மார்க்கிங்கில் 'ஜிஏ/ஜிபி' இல்லேன்னா அந்தக் கொட்டேஷனை ஒதுக்கிடுங்க.

ஐஎஸ்னா கேபிள் கணக்கு போடணும், கேபிள் தேக்கி வைக்கும் மின்சக்தியும் பொறியை உண்டாக்கலாம். வழக்கமான 28 வோல்ட், 93 மில்லிஆம்ப் பேரியருக்கு (டேங்குக்குப் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் கருவி) ஐஐசியில் 83 நானோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் வரை அனுமதி. கேபிள் டேட்டா கையில் இல்லேன்னா மீட்டருக்கு 200 பிகோஃபாரட் வைங்க: 300 மீட்டருக்கு 60 நானோ. டிரான்ஸ்மிட்டருக்கு (அதாவது ரேடார் கருவிக்கு) 10 போட்டாலும் 70, தாங்கும். பின்னாடி 500 மீட்டர் ஆனால் கேபிளே 100. அப்போ, எத்தனால் ஐஐபி என்பதால், பேரியரின் ஐஐபி மதிப்பை எடுத்துக்கலாம், அது பல மடங்கு அதிகம். டிரான்ஸ்மிட்டரின் வோல்ட், கரன்ட், பவர் வரம்புகள் பேரியர் தருவதைவிடக் குறைஞ்சிடக் கூடாது. இண்டக்டன்ஸையும் இதே மாதிரி கூட்டிப் பாருங்க.

பதில் 3:
ஃப்ளேம்புரூஃப் போட்டால் கோட்டை விடுவது கிளாண்டில்தான் (கேபிள் உள்ளே நுழையும் இடத்தை இறுக்கும் திருகுப் பொருத்தி). எம்20 (மெட்ரிக் மரை) கிளாண்டை அரை இன்ச் என்பிடி (அமெரிக்கக் கூம்பு மரை) துளையில் திணிச்சா ரெண்டு மரைதான் பிடிக்கும். தீ வெளியே வராம தடுக்கும் வழி அதோடு போச்சு. காலித் துளையில் வரும் பிளாஸ்டிக் மூடி போக்குவரத்துக்கு மட்டும், சர்டிஃபைடு பிளக் போடணும்.

ஃப்ளேம்புரூஃப், ஐஎஸ் ரெண்டு சர்டிஃபிகேட்டும் உள்ள கருவியை பேரியர் இல்லாம ஒரு தடவை ஓட்டிட்டா, அப்புறம் ஐஎஸ் லூப்புக்கு மாத்தாதீங்க. உள்ளிருக்கும் பாதுகாப்பு உறுப்புகள் சேதமாகியிருந்தாலும் கருவி ஒழுங்கா ரீடிங் காட்டிட்டுதான் இருக்கும். நேம்பிளேட்டில் கட்டம் வச்சு, எந்த வகையில் பொருத்தினோம் என்று டிக் பண்ணச் சொல்றது அதுக்குத்தான். பெசோ (இந்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அப்ரூவலை ஆர்டரிலேயே எழுதிடுங்க.