65 மைல் என்றால் எங்கிருந்து?

மாயேபூர்க்காரி:
வணக்கம். 1987 நவம்பர் 28 விடியற்காலையில், தைப்பேயிலிருந்து எங்கள் மொரீஷியஸின் பிளேசான்ஸ் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்க விமானம் ‘ஹெல்டர்பெர்க்’ கடலில் விழுந்தது. 159 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அப்பா அப்போது தினமும் கடலுக்குப் போனவர். இப்போதும் வலையைப் பிரித்துப் போடும்போது, “பக்கத்திலேயே தேடினாங்க, அது எங்கேயோ கிடந்தது” என்பார். விமானி இடத்தைச் சொன்னாராமே, அப்புறம் ஏன் இப்படி ஆனது?

ரோஸ் பெல் பெரியவர்:
தங்கச்சி, அப்பா சொல்வது சரிதான். விமானி 65 மைல் என்றார். அடுத்த வழிப்புள்ளி, அதாவது பாதையில் குறித்து வைத்த அடுத்த இடம், அது வரைக்கும் உள்ள தூரம் அது. கீழே இருந்தவர்கள் விமான நிலையத்துக்கு உள்ள தூரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் தேடல் தீவை ஒட்டியே தொடங்கியது. மிதந்த பொருட்கள் கண்ணில் பட ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனது. ஆனால் யாரையும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சரக்குப் பகுதியில் தீ, புகை, மின்சாரக் கருவிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த நிலையில் பேசியவர் அவர்.

நான் பிறகு கன்ட்ரோலராக, அதாவது தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்பவராகச் சேர்ந்தவன். பயிற்சியில் ஒரு நாள் ‘ஃபைவ் தௌசண்ட்’ என்று உயரம் கொடுத்தேன். விமானி ‘நைன் தௌசண்ட்’ என்று திருப்பிச் சொன்னார். என் காதில் ஃபைவ் என்றே விழுந்தது! எதிர்பார்த்ததைத்தான் காது கேட்கும். பக்கத்தில் இருந்த மூத்தவர் சட்டென்று மைக்கை வாங்கித் திருத்தினார். கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. இதற்காகத்தான் 9-ஐ ‘நைனர்’ என்றும் 5-ஐ ‘ஃபைஃப்’ என்றும் சொல்ல வேண்டும் என்பது விதி.

1989 பிப்ரவரியில் கோலாலம்பூர் சுபாங் அருகே அப்படித் திருத்த ஆள் இல்லை. கன்ட்ரோலர் ‘டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்றார், அதாவது 2400 அடி. சரக்கு விமானத்தில் இருந்தவர்கள் அந்த ‘டூ’வை இரண்டு என்று எடுக்காமல், ஆங்கிலத்தில் அதே போல் ஒலிக்கும் ‘வரைக்கும்’ என்ற சொல்லாகப் புரிந்துகொண்டு, ‘ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்றார்கள். யாரும் மறுக்கவில்லை. 400 அடிக்கு இறங்கப்போய் மலையில் மோதி நாலு பேரும் இறந்தார்கள்.

சேன் தெனி வாசி:
ரெயூனியனிலிருந்து ஒன்று சொல்கிறேன். 2000 மே 25 இரவு பாரிஸில் ஒரு விமானத்துக்குப் பிரெஞ்சில் புறப்பட அனுமதி கொடுத்தார்கள். அதே ஓடுபாதைக்கு இன்னொரு விமானத்தை ஆங்கிலத்தில் வரச் சொன்னார்கள். பிரெஞ்சில் சொன்னது இரண்டாவது விமானத்தில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. இரண்டும் மோதி, அந்த இரண்டாவது விமானத்தின் துணை விமானி இறந்துபோனார். ஒரே அலைவரிசையில் இரண்டு மொழி வேண்டவே வேண்டாம் என்பேன்.

மாயேபூர்க்காரி:
நன்றி அண்ணே. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “நாங்ககூட விளக்குத் தீவிலிருந்து இத்தனை தூரம்னுதானே சொல்வோம்” என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று கேட்கச் சொன்னார்.

ரோஸ் பெல் பெரியவர்:
குரல் பதிவுக் கருவியை 1989 ஜனவரியில் எடுத்தார்கள். ஏறத்தாழ 4,900 மீட்டர் ஆழம் என்று சொல்லுங்கள்.