10 படத்துக்கு ஒரு வரி பதில்: மறுபடி விண்ணப்பிக்கலாமா?

கோணல்_தொடுவானம்:
10 படம், அவற்றின் ரா ஃபைல்கள் (கேமரா பதிந்த, திருத்தாத மூலக் கோப்புகள்), கூடவே இரண்டு உறுப்பினர்களின் பரிந்துரை. இவ்வளவும் கேட்கிற ஒரு டிஜிட்டல் போட்டோ கிளப்புக்கு அனுப்பியிருந்தேன். ஒன்றரை மாதம் கழித்து வந்த பதில்: "படங்களுக்குள் ஒருமை இல்லை." எந்தப் படம் சொதப்பல், எது பரவாயில்லை, ஒரு பேச்சும் இல்லை. அடுத்த வருடம் மறுபடி அனுப்பலாமாம். அனுப்புவதா, போங்கப்பா என்று விட்டுவிடுவதா?

சல்லடை:
அனுப்புங்கள். இந்த மாதிரி ஒரு கிளப்பில்தான் நான் இருக்கிறேன், முதல் தடவை என்னையும் திருப்பி அனுப்பினார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்கிற குழுக்களில் படம் போட்ட அரை நிமிடத்தில் 'அருமை', 'சூப்பர்', ஒரு கைகூப்பல், அதை வைத்துக்கொண்டு என்ன கற்றுக்கொள்வது? நாங்கள் 25 பேர், மாதம் ஒரு கூட்டம், ஆளுக்கு ஒரு படம், படத்துக்கு 5 நிமிடம் பேச்சு. 200 பேர் இருந்தால் இது நடக்குமா?

மூன்றாம்_கண்:
5 நிமிடம் சரி, பேசுவது யார்? ஒரே ரசனைக்காரர்கள் 25 பேர் தங்களைப் போலவே 26ஆவது ஆளைத் தேடுகிறீர்கள். நான் இருந்த கிளப்பில் அருவி என்றால் தண்ணீர் பால் மாதிரி வழுவழுவென்று விழ வேண்டும், ஷட்டரை ஒரு நொடியாவது திறந்து வைக்காதவனுக்குக் கலை தெரியாது. ஒரே வருடத்தில் என் படம் எது, அவர்கள் படம் எது என்று எனக்கே தெரியவில்லை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சல்லடை:
அது அந்த ஆட்களின் கோளாறு. மேக்னம் என்கிற பேர்பெற்ற போட்டோகிராஃபர்கள் அமைப்பில் முழு உறுப்பினராக வருடக்கணக்கில் ஆகும், முதலில் நாமினி, அப்புறம் அசோசியேட், படிக்குப் படி உறுப்பினர்களின் ஓட்டு. மார்ட்டின் பார் என்கிற போட்டோகிராஃபர் வருவதை அங்கே உறுப்பினராக இருந்த பிலிப் ஜோன்ஸ் கிரிஃபித்ஸ் எவ்வளவோ எதிர்த்தார், ஆனாலும் 1994இல் பார் உள்ளே வந்துவிட்டார். வடிகட்டினால் எல்லாரும் ஒரே அச்சு ஆகிவிடுவார்கள் என்பது உண்மையில்லை.

மூன்றாம்_கண்:
மேக்னம் தொழில்காரர்களின் கூட்டுறவு, அதையும் ஞாயிற்றுக்கிழமை கிளப்பையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டியைப் பாருங்கள், 1853இலிருந்து இருக்கிறது, சேர யாருக்கும் தடையில்லை. அவர்கள் தரும் லைசன்ஷியேட் என்கிற முதல் நிலைத் தகுதி வேண்டுமா, அதற்கும் 10 படம்தான், ஆனால் எதையெல்லாம் பார்ப்போம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நண்பருக்கு அந்த அளவுகோலைக் கண்ணிலாவது காட்டினார்களா?

தூசிதட்டி:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கோணல், அந்த 10 படத்தை இங்கே போடுங்கள்.

கோணல்_தொடுவானம்:
போட்டாயிற்று. திட்டுவதென்றால் மெதுவாக.

தூசிதட்டி:
4, 7, 9. மூன்றிலும் வானத்தில் வலது மேல் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரே இடத்தில் மங்கலாக ஒரு சாம்பல் வட்டம். கேமராவுக்குள் படத்தைப் பதிகிற சென்சாரில் தூசு. லென்ஸ் துவாரம் அகலத் திறந்திருக்கும் எஃப் 2.8இல் கண்ணில் படாது, துவாரத்தை எஃப் 16க்குச் சிறிதாக மூடினால் பல்லைக் காட்டும். வெள்ளைத் திரையை ஃபோகஸ் இல்லாமல் எஃப் 16இல் ஒரு படம் எடுத்தால் எத்தனை இருக்கிறதென்று தெரிந்துவிடும். ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊதித் தொலைக்காதீர்கள், எச்சில் படும். மற்றபடி அந்த ஒருமை விஷயம்: இரண்டு பறவை, ஒரு கல்யாணம், ஒரு கறுப்பு வெள்ளைத் தெரு, மூன்று வானம், மூன்று பாட்டி. இது தொகுப்பு இல்லை, மெமரி கார்டு. ஆனால் அந்தப் பாட்டி படங்கள் மூன்றும் ஒரே ஜன்னல் வெளிச்சம், சும்மா சொல்லக்கூடாது.

கோணல்_தொடுவானம்:
ஐயோ, அந்த வட்டம் 2ஆவது படத்திலும் இருக்கிறது. இத்தனை நாள் மேகம் என்று நினைத்தேன். இதை அவர்களே எழுதியிருக்கலாமே?

சல்லடை:
எழுதியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்ப்பவர்கள் சம்பளம் வாங்காமல் ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறவர்கள்.

மூன்றாம்_கண்:
நாலு வரி எழுத நேரமில்லையென்றால் 10 ரா ஃபைல் எதற்கு வாங்கினார்கள்? அவர்கள் செய்யாததை இங்கே தூசிதட்டி பத்து நிமிடத்தில் செய்துவிட்டார், பரிந்துரைக் கடிதமும் கேட்கவில்லை.

கோணல்_தொடுவானம்:
கிளப்பைப் பிறகு பார்க்கலாம். நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் பாட்டியை அந்த ஜன்னல் ஓரமாக உட்காரவைக்க வேண்டும், இன்னும் 7 படம் பாக்கி.